நடக்கிற ஒழுக்கு

எங்கள் வாடகை வீட்டுக் கூரையில் ஏழு ஒழுக்குகள் இருந்தன. ஏழுக்கும் ஏழு பாத்திரங்கள். சமையலறை வாசலுக்கு நீல வாளி, கட்டில் காலடிக்கு அரிசி கழுவும் சட்டி, கூடத்து நடுவுக்குப் பெரிய தாச்சி என்று என் மனைவி ஒரு ஒழுங்கு வைத்திருந்தாள். மாரி தொடங்கி, வாவிக்கு மேலே வானம் கறுத்தால், அவள் யாரையும் கேட்காமல் எழும்பிப் போய் ஏழையும் அதனதன் இடத்தில் வைத்துவிட்டு வந்து உட்காருவாள். முதல் துளி விழுகிறபோது பாத்திரம் அங்கே தயாராக இருக்கும்.

ஆறு ஒழுக்குகள் மரியாதையானவை. போன மழைக்கு எங்கே விழுந்தனவோ அங்கேயே இந்த மழைக்கும் விழும். ஏழாவது அப்படி இல்லை. ஓட்டில் எங்கோ உடைந்த இடத்தால் உள்ளே வருகிற தண்ணீர், ஓட்டைத் தாங்குகிற சலாகை வழியே ஓடித் தனக்குப் பிடித்த இடத்தில் இறங்கும். தூறலுக்கு யன்னல் ஓரத்தில் விழும். மழை பிடித்தால் அங்கிருந்து நகர்ந்து நகர்ந்து சுவாமிப் படத்தடிக்கு வந்துவிடும். அதற்கு 'நடக்கிற ஒழுக்கு' என்று பெயர் வைத்திருந்தோம். விளிம்பு நெளிந்த ஓர் அலுமினியச் சருவத்தைக் காலால் தள்ளித் தள்ளி மனைவி அதன் பின்னாலேயே போவாள். நான் வைத்தால் எப்போதும் ஒரு சாண் பிசகும். அவள் ஒன்றும் சொல்லாமல் வந்து தள்ளி வைத்துவிட்டுப் போவாள். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். இப்போது அந்த எரிச்சலைக்கூட ஆசையோடுதான் நினைக்கிறேன்.

வீடு மட்டக்களப்பு நகரத்தின் ஓரத்தில் இருந்தது. முன்னால் ஒடுங்கிய மணல் பாதை, ஒரு ஒழுங்கை. அதே வளவில் பின்னால் இரண்டு அறை கொண்ட சிறிய வீடு ஒன்று. அதில் வீட்டுக்காரரும் அவருடைய மனைவியும் இளைய மகளும் இருந்தார்கள். அதற்கும் பின்னால் வாவி. பெரிய வீட்டை எங்களுக்குத் தந்துவிட்டு ஏன் சின்ன வீட்டில் நெருக்குப்பட்டுக் கிடக்கிறார்கள் என்று வேறு ஊர்க்காரர் கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். இங்கே வீடு பெண்ணுக்குரியது. கலியாணம் செய்தால் மாப்பிள்ளைதான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்கு வருவான். மகள் பள்ளிக்கூடம் போகும் காலத்திலேயே தகப்பன் அவளுக்கென்று வீடு கட்டக் கல் அரியத் தொடங்கிவிடுவான். அந்த வீடு இளைய மகளின் சீதன வீடு. அவளுக்கு முப்பது தாண்டியும் ஒன்றும் சரிவரவில்லை. பூட்டிக் கிடந்தால் வீடு பழுதாகிவிடும் என்று எங்களைக் குடி வைத்தார்கள். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, கலியாணம் சரிவந்தால் ஒரு மாதத்தில் விட்டுவிட வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளோடு.

என் மனைவி வவுணதீவுக்காரி. மூன்று பெண்களில் கடைசி. மூத்தவர்கள் இருவருக்கும் கல் வீடு கிடைத்தது. இவளுடைய முறை வந்தபோது தகப்பனின் கையில் வயல் வட்டைக்குள் ஒரு துண்டு காணிதான் மிச்சம். வீடு வேண்டாம், பெண் போதும் என்று நான் பெரிய மனிதர் மாதிரிச் சொல்லிக் கட்டினேன். நான் மாங்கேணியில் தென்னங்கிடுகு வேய்ந்த வீட்டில் வளர்ந்தவன். வீடு என்பது எனக்கு அவ்வளவு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஆனால் அவளுக்கு அது என்ன என்பது எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. கலியாண வீடு, செத்த வீடு எங்கே போனாலும் பெண்கள் அவளிடம் முதலில் கேட்பது, "ஆருட வீட்டில இரிக்கீங்க?" என்பதுதான். வாடகைக்கு என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவாள். வீட்டுக்கு வந்ததும் கூடத்தை ஒரு தடவை கூட்டுவாள். கூட்டின கூடத்தையே திரும்பக் கூட்டுவாள்.

ஒழுக்குகளைத் திருத்தித் தரச் சொல்லி முதல் மாரியிலேயே நான் வீட்டுக்காரரிடம் போனேன். ஒரு பாடசாலையில் சிற்றூழியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். யாரையும் நோகப் பேசமாட்டார். அதுதான் எனக்குப் பெரிய தொல்லை.

"பாப்பம் தம்பி, மறுகாப் பாப்பம்" என்றார்.

பிறகு என்ற அந்த 'மறுகா' இரண்டு மாரி நீண்டது. கந்தோர் வேலை முடிந்து வந்து சைக்கிளை நிறுத்திய கையோடு நான் கேட்பேன்; அவரும் சிரித்த முகத்தோடு மறுகா என்பார். என் வயிற்றை எரித்தது அந்தப் பதில்கூட இல்லை. பின்வீட்டின் பக்கத்தில், பொலித்தீன் போர்த்தி, புது ஓடு அழகாக அடுக்கி வைத்திருந்தது. ஓடு இல்லாத மனிதர் திருத்தவில்லை என்றால் மனம் ஆறும். இவர் ஓட்டை வாங்கி நனையாமல் மூடி வைத்துவிட்டு, எங்களை நனைய விட்டிருந்தார்.

ஒருநாள் பொறுக்காமல் ஓட்டைக் காட்டியே கேட்டுவிட்டேன்.

"அது கலியாணத்துக்கு வாங்கி வச்ச தம்பி" என்றார். "மாப்புள வீட்டாக்கள் வந்து பாத்து, இத மாத்துங்க அத மாத்துங்க எண்டு சொல்லுவாங்க. இப்பச் செஞ்சா மறுகா ரெண்டு வேல. இது என்ட வீடும் இல்ல. புள்ளட வீடு. நினச்சபடி நான் கைவைக்கேலா."

அப்படிப் பார்த்தால் வீட்டுக்காரர் அவர் இல்லை. வீட்டுக்காரியான இளைய மகளோ எங்களைவிட மரியாதையாக முற்றத்தில் ஒதுங்கி நடக்கிற ஒரு பெண். ஒரு பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். எங்கள் விறாந்தையைத் தாண்டும்போது சொந்த வீட்டை யாரோ வீட்டைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு போவாள். என் மனைவியை அக்கா என்பாள். பின்னேரங்களில் இருவரும் வாவியைப் பார்த்தபடி யன்னலோரம் இருந்து பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருத்திக்கு அது தன் பெயரில் இருக்கிற வீடு, குடியிருக்கக் கிடைக்கவில்லை. மற்றவள் அதில் குடியிருந்தாள், பெயர் இல்லை. நான் இதையெல்லாம் அப்போது யோசிக்கவில்லை. எனக்கு ஓட்டுக் கோபம்தான் தலைக்குள் நின்றது.

மூன்றாம் மாரியில் ஒருநாள் மழை காற்றோடு வந்தது. நாங்கள் இருவரும் வவுணதீவுக்குப் போயிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால், நடக்கிற ஒழுக்கு அன்றைக்கு என்றுமில்லாத தூரம் நடந்திருந்தது. சுவாமிப் படத்தையும் தாண்டிக் கூடத்து மூலையில் இருந்த அலுமாரிக்கு மேலே இறங்கி, பலகை இடுக்கால் உள்ளே போய், அவளுடைய கூறைச் சேலையை நனைத்திருந்தது. சிவப்புப் பட்டில் பழுப்பாக ஒரு கறை, ஒரு கை அகலம்.

அவள் அதைக் கொடியில் விரித்தாள்.

"சேலதானே, காஞ்சாச் சரி" என்றாள்.

காய்ந்தால் போகிற கறை இல்லை என்று இருவருக்கும் தெரியும். அவள் அழுதிருந்தால் நான் ஆறுதல் சொல்லிவிட்டுப் படுத்திருப்பேன். அவள் அழாமல் இருந்ததுதான் என்னைக் கிளப்பிவிட்டது.

அடுத்த ஞாயிறு வீட்டுக்காரர் குடும்பமாகக் கோயிலுக்குப் போயிருந்தார்கள். நான் அவருடைய ஏணியையே எடுத்துச் சாத்தி, பொலித்தீனைத் தூக்கி, ஏழு புது ஓடுகளை எடுத்துக்கொண்டு கூரையில் ஏறினேன். கிடுகு வீட்டில் ஒழுகினால் நாங்கள் செய்வது அதுதான். ஒழுகுகிற இடத்தில் ஒரு புதுக் கிடுகைச் சொருகினால் வேலை முடிந்தது. நாலு வெயிலில் புதுசும் பழசும் ஒரே நிறமாகிவிடும். ஓடும் அப்படித்தான் என்று நினைத்தேன். ஆறு இடத்தில் உடைந்த ஓடு கண்ணுக்குத் தெரிந்தது, மாற்றினேன். ஏழாவதுக்கு எங்கே உடைவு என்று பிடிபடவில்லை. யன்னலுக்கு நேர் மேலே குத்துமதிப்பாக ஒன்றை மாற்றிவிட்டு இறங்கினேன். மனைவி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கேட்டிட்டுச் செஞ்சிருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். கேட்டுக் கேட்டுத்தானே இரண்டு வருடம் போனது என்றேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

வீட்டுக்காரர் கோயிலால் வந்து, படலையைத் திறக்காமல் ஒழுங்கையிலேயே நின்றுவிட்டார்.

"தம்பி, இஞ்ச வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். வாவிக் காற்றில் பாசி பிடித்துக் கறுத்துப்போன கூரையில் ஏழு இடத்தில் பளிச்சென்று சிவப்பு.

"ஏழு பொட்டு வச்சிருக்கீங்க. இந்த வீடு எங்கெங்க ஒழுகின எண்டு இனி ஒழுங்கையால போற சனத்துக்கெல்லாம் தெரியும்" என்றார். குரலை உயர்த்தவில்லை. "வாற வெள்ளிக்கிழம மாப்புள வீட்டாக்கள் வீடு பாக்க வாறாங்க."

 அவர் உள்ளே போய், மிச்ச ஓட்டின் மேல் பொலித்தீனைத் திரும்ப இழுத்து மூடினார். பழைய ஓடுகளோ நான் எறிந்த எறியில் துண்டாகியிருந்தன. திரும்பப் போடவும் வழியில்லை.

வீட்டுக்குள் வந்தேன். மனைவி என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அவங்க வாறது தெரிஞ்சா இதச் செஞ்ச நீங்க?"

என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். எனக்குத் தெரியாதுதான். ஆனால் அவள் ஏன் கேட்டாள் என்பது எனக்கு நன்றாக விளங்கியது. அந்தக் கலியாணம் சரிவந்தால் நாங்கள் வெளியே. சரிவராவிட்டால் யன்னலும் வாவியும் இன்னும் கொஞ்சக் காலம் அவளுக்கு.

அன்று பின்னேரம் வீட்டுக்காரரின் மகள்காரி ஒரு வாளியோடு வந்தாள். அடுப்புக்கரியை இடித்துக் கஞ்சித் தண்ணீரில் கரைத்திருந்தாள். என்னைக் கோபிப்பாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவளோ வாளியை என் முன்னால் வைத்துவிட்டு, ஏறிப் பூசிவிடச் சொன்னாள். பிறகு என் மனைவியின் பக்கத்தில் இருந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"அக்கா, இது எனக்கு ஒன்பதாம் தேத்தண்ணி. பொண்ணு பாக்க வந்த எட்டுப் பேருக்குத் தட்டில வச்சுக் குடுத்திட்டன். இதுவும் தவறினா இனி நான் ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன். இந்த மனுசன எனக்குப் புடிச்சிரிக்கு."

என் மனைவி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். தேங்காய்த் தும்பால் ஒவ்வொரு ஓட்டுக்கும் கரி பூசி இறங்கியபோது, என்னையும் கூரையையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒழுங்கையில் நின்று பார்த்தால் கூரை ஒரே கறுப்பு. வீட்டுக்காரருக்கே முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

வியாழன் முழுக்க நல்ல வெயில். வெள்ளி மத்தியானம் அவர்கள் இரண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். ஆண்கள் வீட்டுக்காரரோடு வேலி, கிணறு, காணி உறுதி என்று வளவைச் சுற்றினார்கள். வீட்டுக்குள் வந்தது மாப்பிள்ளையின் தாய். ஒல்லியான மனுசி. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு கதவையும் திறந்து மூடிப் பார்த்தா. நானும் மனைவியும் கூடத்தில் ஓரமாக நின்றோம். பாத்திரங்களை எல்லாம் ஒளித்து வைத்திருந்தோம்.

அந்த நேரம் பார்த்து வாவிப் பக்கத்தால் மழை இரைந்துகொண்டு வந்தது.

வெளியே முதலில் கூரை விளிம்பால் கறுப்புத் தண்ணீர் வழிந்தது. விறாந்தை ஓரத்தில் ஒதுங்கின வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டியில் அது கோடு கோடாக இறங்குவது யன்னலால் எனக்குத் தெரிந்தது. உள்ளே ஆறு இடமும் காய்ந்தே கிடந்தன. என் வேலை பலித்திருந்தது. ஏழாவது மட்டும் வந்தது. யன்னல் ஓரத்தில் ஒரு துளி, அடுத்தது கொஞ்சம் தள்ளி. என் மனைவி நின்ற இடத்திலிருந்து இரண்டு அடி நகர்ந்து அதன் கீழே போய் நின்றாள். துளி அவளுடைய தோளில் விழுந்தது. அது நகர, அவளும் ஒன்றும் நடக்காத மாதிரி அரை அடி நகர்ந்தாள். நிலம் நனையவில்லை. அவளுடைய சட்டைத் தோள் நனைந்துகொண்டிருந்தது.

மாப்பிள்ளையின் தாய் அதைக் கண்டுவிட்டா. பக்கத்தில் வந்து, கையை நீட்டி, ஒரு துளியை உள்ளங்கையில் வாங்கினா.

"நீங்களா புள்ள இஞ்ச குடியிரிக்கிற?"

"ஓம் மாமி."

"அப்ப உங்களுக்கிட்டத்தான் கேக்கணும். குடியிரிக்கிறவங்களுக்குத்தான் தெரியும். இந்த வீடு எப்பிடி?"

அந்த நிமிடத்தை நான் மறைக்கக்கூடாது. ஏழு இடத்தில் ஒழுகும் என்று அவள் சொல்லிவிட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். முழு மனதோடு ஆசைப்பட்டேன். சமையலறை வாசலில் மகள்காரி தட்டோடு நின்றாள். அது அவளுடைய ஒன்பதாம் தேத்தண்ணி. அப்போதும் நான் ஆசைப்பட்டேன்.

என் மனைவி ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள்.

"ஏழு இடத்தில ஒழுகின மாமி. ஆறு நிண்டித்து. இது ஒண்டுதான் மிச்சம். ஓடு வாங்கிப் பின்னால அடுக்கிக் கிடக்கு, மாத்தினா இதுவும் நிண்டிரும்" என்றாள். பிறகு, "ஒழுகினாலும் இந்த வீட்ட விட்டுப் போக எனக்கு மனமில்ல மாமி. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்" என்றாள்.

 அந்த மனுசி கையைச் சேலையில் துடைத்தா.

"என்ட வீட்டில நாலு இடத்தில ஒழுகுது. அங்க இரிக்கிற ஒருத்தரும் இப்பிடிச் சொல்லமாட்டாங்க" என்று சிரித்தா. வாசல் பக்கம் திரும்பி, "கொண்டா மகள், தேத்தண்ணி ஆறப்போகுது" என்றா.

இப்படித்தான் என் மனைவி தன் வாயாலேயே அந்த வீட்டை விட்டுக் கொடுத்தாள்.

கலியாணம் தையில் என்று வைத்தார்கள். வீட்டுக்காரருக்கு இரண்டு வருடத்து மறுகா எல்லாம் ஒரே கிழமையில் முடிந்தது. மேசன் வந்தார், தச்சு வேலைக்கு ஓடாவி வந்தார், பொலித்தீன் போர்த்திய ஓடு முழுவதும் கூரை ஏறியது. இறுகிக் கிடந்த கதவுகளைச் சீவி விட்டார்கள். நாங்கள் போவதற்கு முன் கடைசியாக ஒரு மழை பெய்தது. மனைவி எழும்பிப் போய் ஏழு பாத்திரத்தையும் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஒரு துளி விழவில்லை. ஏழும் வெறும் பாத்திரமாக இருந்தன. இருவரும் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.  இரண்டு வருடம் சண்டை பிடித்துக் கேட்டது கிடைத்த அன்று எனக்கு ஒரு சந்தோசமும் வரவில்லை.

சாமான் ஏற்றும்போது நெளிந்த சருவத்தைக் கையில் எடுத்து, இது இனி எதற்கு என்றேன். அவள் அதை வாங்கிக் கிணற்றடியில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து வண்டியில் ஏறினாள்.

அதற்குப் பிறகு இரண்டு வாடகை வீடு மாறினோம். பிறகு சொந்தமாக ஒன்று கட்டி, உறுதியை அவளுடைய பெயரில் எழுதினேன். கூரைக்குச் சீற் போட்ட சின்ன வீடு, ஒழுகாது. மழை வந்தால் அவளுக்கு எழும்பிச் செய்ய வேலை இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். நல்ல வீடு என்று எல்லோரிடமும் சொல்வாள்.

போன மாரியில் அந்தப் பழைய வீட்டில் பிள்ளையின் பிறந்தநாள் என்று கூப்பிட்டார்கள். மகள்காரிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். வீட்டுக்காரர் நன்றாகத் தளர்ந்துவிட்டார். என்னைக் கண்டதும் கூரையைக் காட்டிச் சிரித்தார். கேக் வெட்டி முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது மழை பிடித்தது. மகள்காரி பேச்சை நிறுத்திவிட்டு எழும்பிப் பின்னால் போனாள். வரும்போது அவளுடைய கையில் விளிம்பு நெளிந்த அந்த அலுமினியச் சருவம் இருந்தது.

"மத்தது எல்லாம் நிண்டித்து அக்கா. இது மட்டும் ரெண்டு வருசத்தில திரும்ப வந்தித்து. மேசனும் வந்து பாத்த, எங்கயால வருகுதெண்டு புடிபடல்ல" என்று சொல்லிக்கொண்டே யன்னலுக்குக் கிட்டச் சருவத்தை வைத்தாள். துளி சருவத்துக்கு வெளியே நிலத்தில் விழுந்தது. அவள் குனிந்து மாற்றி வைத்தாள். அதுவும் பிசகியது. மழை இன்னும் கொஞ்சம் பலத்தது.

என் மனைவி தேநீர்க் கிண்ணத்தை என் கையில் தந்துவிட்டு எழும்பினாள். கூரையை அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. வெளியே மழையின் சத்தத்தை ஒரு நொடி கேட்டாள். பிறகு சருவத்தைக் காலால் ஒரு சாண் தள்ளிவிட்டு அப்படியே நின்றாள். அடுத்த துளி சருவத்தின் நடுவில் போய் விழுந்தது. அதற்கடுத்ததும் அங்கேயே விழுந்தது.

மகள்காரி வாயில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். என் மனைவி திரும்பி வரவில்லை. துளி நகர்கிற பக்கம் பார்த்துச் சருவத்தை மெல்லத் தள்ளிக்கொண்டு சுவாமிப் படம் வரைக்கும் போனாள். நான் அவளுடைய கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். தேநீர் ஆறிவிட்டது. நான் அவளைக் கூப்பிடவில்லை.